மூணு நிமிசம் வாயைத் திறக்காதீங்க அண்ணாச்சி

போன மாசம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி நடத்தினோம். கபடி மாஸ்டர் ஒருவர், சாயங்காலம் டியூஷன் எடுக்கும் அக்காமார், சர்ச் வாலிபர் கூட்டம் நடத்தும் ஒரு தம்பி, மேலப்பாளையத்தில் சின்னதாகப் படிப்பகம் வைத்திருக்கும் இரண்டு பேர் என்று கலவையான கூட்டம். ஒருத்தரும் டாக்டர் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பையன் வீட்டில் வாய் திறக்காத விஷயத்தை முதலில் இவர்களிடம்தான் அவிழ்த்து விடுகிறான். மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருஷமாகச் சொல்கிறது. அந்த வயசுப் பிள்ளை ஆஸ்பத்திரியிலா இருக்கும்? கபடிக் களத்தில் இருக்கும்.

உடம்புக்கு முதலுதவி இருப்பதுபோல மனசுக்கும் வேண்டும் என்று 2000-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு தம்பதி பாடம் அமைத்தார்கள், அது இன்று பல நாடுகளில் ஓடுகிறது. நான் முதன்முதலில் போன பயிற்சியில் அதைத் தழுவித்தான் படம் போட்டுக் காட்டினார்கள், முழுக்க இங்கிலீஷில். அறிகுறிகள் பட்டியல் ஒன்று வந்தது. எழுதிக்கொண்டு வந்தேன், ஊரில் ஒரு பிள்ளைக்கும் அது பொருந்தவில்லை. நம்ம பையன் 'எனக்கு மன அழுத்தம்' என்றா சொல்கிறான்? 'ஒரு மாதிரியா இருக்கு', 'மண்டைக்குள்ள ஒரே இரைச்சல்' என்பான், இல்லாவிட்டால் வாரம் மூன்று நாள் தலைவலி. பீடி சுற்றும் வீட்டுப் பெண்பிள்ளையோ அதையும் சொல்லாது, தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடி 'ஒண்ணுமில்லக்கா' என்று முடித்துவிடும்.

அதனால் எங்கள் பயிற்சியில் பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பேச்சுப் பழக்கத்துக்குத்தான் நேரம் கொடுத்தோம். இரண்டு இரண்டு பேராக உட்காரணும், ஒருத்தர் தன் சங்கடத்தைச் சொல்லணும், மற்றவர் மூணு நிமிசம் அறிவுரை சொல்லாமல் கேட்கணும். அவ்வளவுதான். நம்ம கபடி மாஸ்டர் முப்பது வினாடி தாங்கவில்லை, "ஏல, இதுக்குப் போயி..." என்று ஆரம்பித்துவிட்டார். திரும்பவும் வைத்தோம், திரும்பவும் அதே 'ஏல'. அப்புறம் என்னிடம் கோபமாக, "சும்மா கேட்டுக்கிட்டே இருன்னா நான் எதுக்கு, டீச்சர்? மைதானத்துல வேப்பமரம் நிக்கி, அதுகிட்ட சொல்லிட்டுப் போவட்டும்" என்றார். மண்டபமே சிரித்தது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. நம்ம ஊரில் பிரியம் என்றாலே புத்தி சொல்வதுதான், அதை நிறுத்தச் சொன்னால் பிரியத்தையே நிறுத்தச் சொல்வதுபோல அவருக்குக் கேட்டிருக்கும்.

இரண்டாம் நாள்தான் கனமான பகுதி. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்கப் பழகுவது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டால் பல பிள்ளைகளுக்குப் பாரம்தான் குறைகிறது. சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னோம். ஒரு டியூஷன் அக்காவுக்கு வாய் வரவே இல்லை. நாலாவது தடவை சொன்னார், சொல்லிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

'போலீஸ் கேஸ் ஆகுமே' என்று கேட்டவர்களுக்கு 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவைச் சொன்னேன்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகத்தான் கொள்ளணும், தண்டிக்கக் கூடாது. இன்னொன்று, 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் பண்ணிவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆகணும், பதினெட்டு வயசுக்குக் கீழுள்ள பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகணும். அதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ராத்திரி நேரத்தில் கை உதறினால் 14416 என்ற அரசு மனநல உதவி எண் (டெலி-மானஸ்) இருக்கிறது, இருபத்து நாலு மணி நேரமும், காசில்லை, தமிழில் பேசுவார்கள்.

எனக்கே பதில் இல்லாத கேள்வி ஒன்றும் வந்தது. கையில் கட்டின சாதிக்கயிற்றின் நிறத்தை வைத்துப் பையனை எடைபோடும் ஊர் இது, 2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியதை யாரும் மறக்கவில்லை. 'அவன் கஷ்டத்துக்குக் காரணமே எங்க தெருக்காரனுவதான்னா நான் எந்த முகத்தோட கேக்க?' என்றார் ஒரு தம்பி. கேட்பதோடு நிற்காமல் தெருவிலும் பேசணும் தம்பி என்றேன், ஆனால் அது இரண்டு நாள் பயிற்சியில் வருகிற வேலை இல்லை. அதனால் மாசம் ஒரு ஞாயிறு கூடுவதென்று வைத்துக்கொண்டோம். கேட்கிறவர்களுக்கும் மனசு கனக்கும் இல்லையா.

முந்தாநாள் மாஸ்டர் போன் பண்ணினார். முட்டி வலி என்று கபடிப் பயிற்சிக்கு வராமல் இருந்த பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தாராம். "மூணு நிமிசம் இல்ல டீச்சர், அரைமணி நேரம். அவன் பாட்டுக்கு அழுதான், நான் அந்த வேப்பமரம் மாதிரி இருந்துட்டேன்." நேரான கேள்வியையும் கேட்டிருக்கிறார், அப்புறம் பையனிடம் சொல்லிவிட்டே அவன் அம்மாவிடமும் பேசியிருக்கிறார். மறுநாள் காலையில் மூன்று பேருமாக பஸ் ஏறி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். பஸ்ஸில் ஊர்க்காரர் ஒருவர் எங்கே என்று கேட்டாராம்.

"முட்டிவலின்னு சொல்லிட்டேன் டீச்சர்" என்றார்.