புரோட்டியோமிக்ஸ் ஆய்வகத்துக்கு மாதிரி கொடுக்கப் போகிறீர்களா?

மாதிரியில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று கண்டறியும் பல்கலைக்கழகப் புரோட்டியோமிக்ஸ் ஆய்வகத்துக்கு மாதிரி கொடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கருவியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (அயனிகளின் நிறையை அளக்கும் கருவி) ஆர்பிட்ராப்பா, டிம்ஸ்டாஃபா, எந்த மாடல் என்று. பலமுறை மாதிரி கொடுத்து ரிப்போர்ட் வாங்கிய எங்களைக் கேட்டால், டியூபுக்குள் என்ன பஃபர் இருக்கிறது என்பதில்தான் பாதி முடிவு அடங்கியிருக்கிறது. அதனால் செல்லை உடைப்பதற்கு முன்பே ஆய்வகத்துக்காரர்களிடம் பேசிவிடுங்கள். லைசிஸ் முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் அவர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய எதிரி டிடர்ஜென்ட், அதாவது செல்லை உடைக்கச் சேர்க்கும் சோப்பு மாதிரிப் பொருள். டிரைட்டான் எக்ஸ்-100, என்பி-40, ட்வீன் மூன்றிலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தில் அது 44 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) இடைவெளியில் ஏணிப்படி மாதிரி வரிசையாகப் பீக் காட்டும். பக்கத்தில் இருக்கும் பெப்டைடுகளை (புரதத்தை வெட்டிக் கிடைக்கும் துண்டுகளை) அயனியாக விடாமல் அமுக்கிவிடும். சி18 டிப்பில் (பெப்டைடைப் பிடித்துக்கொள்ளும் பொருள் வைத்த பைப்பெட் முனையில்) டீசால்ட் செய்தால் போய்விடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். உப்பு போகும், டிரைட்டானோ பெப்டைடைப் போலவே சி18-இல் ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்தே வெளியே வரும். பிறகு கருவியின் காலமில் (பெப்டைடுகளைப் பிரிக்கும் மெல்லிய குழாயில்) தங்கி, அடுத்தவர் மாதிரியையும் கெடுக்கும். ஆய்வகங்கள் படிவத்தில் டிடர்ஜென்ட் பற்றி அவ்வளவு கறாராகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

டிடர்ஜென்ட் இல்லாமல் முடியாது என்றால் வழி இருக்கிறது. மாதிரியை எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில்) ஏற்றி, பிரிப்பு நடக்கும் ரிசால்விங் பகுதிக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கியதும் நிறுத்தி, கறையேற்றி, அந்த மொத்தப் பகுதியையும் வெட்டிக் கொடுக்கலாம். ஜெல்லுக்குள் மாட்டிய புரதம் அங்கேயே இருக்கும், டிடர்ஜென்ட் கழுவக் கழுவப் போய்விடும். இல்லையென்றால் 4 பங்கு குளிர்ந்த அசிட்டோன் சேர்த்து மைனஸ் 20 டிகிரியில் இரவு முழுக்க வைத்துப் புரதத்தை வீழ்படிவாக்கலாம். அந்தப் பெல்லட்டை அதிகமாகக் காய விட்டால் பிறகு கரையாது. அசிட்டோன் வாடை அடங்கியதும் 8 மோலார் யூரியாவில் கரைத்துவிட வேண்டும். யூரியா சேர்த்த மாதிரியை 37 டிகிரிக்கு மேல் சூடாக்கவே கூடாது. யூரியாவிலிருந்து வரும் சயனேட், லைசின் என்ற அமினோ அமிலத்திலும் புரதத்தின் என்-முனையிலும் ஏறி 43 டால்டன் கூட்டிவிடும். லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் புரதத்தை வெட்டும் என்சைமான டிரிப்சின், அப்படி மாறிய லைசினுக்குப் பின்னால் வெட்டாது.

அடுத்தது கெரட்டின். மனிதத் தோலிலிருந்து உதிரும் கெரட்டின் 1, 2, 9, 10 நான்கும் ஏறக்குறைய எல்லா ரிப்போர்ட்டிலும் தலைகாட்டும். கொஞ்சமாக இருந்தால் கவலையில்லை. சில்வர் கறையேற்றிய மங்கலான பேண்டில் (ஜெல்லில் புரதம் தெரியும் பட்டையில்) உங்கள் புரதத்தைவிடக் கெரட்டின் அதிகமாக இருந்தால் கருவியின் நேரம் முழுக்க அதற்கே போய்விடும். நைட்ரைல் கையுறை, முழுக்கை கோட், கட்டிய முடி, புதிய பிளேடு, துடைத்த கண்ணாடித் தட்டு: இவை போதும். கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜெல் வெட்டினால் ஆட்டின் கெரட்டினும் வந்து சேரும்.

சில்வர் கறைக்குக் குளூட்டரால்டிஹைடு இல்லாத கிட் வேண்டும். குளூட்டரால்டிஹைடு புரதத்தைக் குறுக்கே பிணைத்துவிடும், பிறகு பெப்டைட் வெளியே வராது. குமாசி என்ற நீலச் சாயத்தில் தெரிகிற பேண்டு என்றால் நிம்மதி.

டைஜெஷனை (டிரிப்சினால் புரதத்தைப் பெப்டைடுகளாக வெட்டுவதை) நீங்களே செய்வதானால், பேண்டை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். 50 மில்லிமோலார் அமோனியம் பைகார்பனேட்டும் அசிட்டோநைட்ரைலும் சரிபாதி கலந்து, நீலம் போகும்வரை கழுவுங்கள். பின் வெறும் அசிட்டோநைட்ரைல். துண்டுகள் சுருங்கிச் சுண்ணாம்பு வெள்ளையாக வேண்டும். ஒளி ஊடுருவுகிற மாதிரி இருந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சிஸ்டீன்களுக்கு இடையிலான பிணைப்பை அவிழ்க்க 10 மில்லிமோலார் டிடிடி (டைதயோதிரைட்டால்), 56 டிகிரியில் 45 நிமிடம். அவை மறுபடி பிணையாமல் மூடிவைக்க 55 மில்லிமோலார் அயோடோஅசிட்டமைடு, இருட்டில் 30 நிமிடம். இதை அன்றன்றைக்குத்தான் கரைக்க வேண்டும். மறுபடி கழுவி, வெள்ளையாகும்வரை சுருக்கியபின் டிரிப்சின், மைக்ரோலிட்டருக்கு 12.5 நானோகிராம். ஐஸில் வைத்தே ஊற்றுங்கள்: என்சைம் தன்னையே வெட்டிக்கொள்ளாமல் முதலில் ஜெல்லுக்குள் இறங்கட்டும். உறிஞ்சியதும் துண்டுகள் மூழ்கும் அளவு பஃபர் விட்டு 37 டிகிரியில் இரவு முழுக்க.

இம்யூனோபிரசிபிட்டேஷன் (ஆன்டிபாடி ஒட்டிய மணிகளால் ஒரு புரதத்தைப் பிடித்தெடுப்பது) மாதிரி என்றால் 50, 25 கிலோடால்டன் அருகே ஆன்டிபாடியின் கன, இலகு சங்கிலிகள் குவிந்து நிற்கும். ஆன்டிபாடியை மணிகளோடு பிணைத்துவிட்டால் இது பெரிதும் குறையும். வெறும் ஐஜிஜி (உங்கள் புரதத்தைப் பிடிக்காத பொதுவான ஆன்டிபாடி) போட்ட கன்ட்ரோல் இல்லாமல் கொடுக்காதீர்கள். மணியில் சும்மா ஒட்டும் புரதங்கள் நூற்றுக்கணக்கில் வரும், எது உண்மை என்று பிரிக்கவே முடியாது.

கருவிக்குள் போகிற அளவு மிகச் சிறியது. 75 மைக்ரோமீட்டர் உள்விட்டக் காலமில், நிமிடத்துக்கு 300 நானோலிட்டர் ஓட்டத்தில், ஒரு மைக்ரோகிராம் பெப்டைட் இருந்தாலே தாராளம். உங்கள் மாதிரிக்கு முன் பிளாங்க் (மாதிரி இல்லாத வெற்று ஓட்டம்) ஓட்டினார்களா, அந்த வாரம் ஹீலா டைஜெஸ்ட் (கருவியைச் சோதிக்க ஓட்டும் ஹீலா செல்களின் பெப்டைட் கலவை) எப்படி வந்தது என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல ஆய்வகம் உடனே எடுத்துக் காட்டும். அளவு ஒப்பிடும் சோதனை என்றால் குறைந்தது மூன்று உயிரியல் ரெப்ளிகேட் (தனித்தனியாக எடுத்த மாதிரிகள்) வேண்டும். கன்ட்ரோலையும் டிரீட்மென்ட்டையும் கலந்து ஓட்டச் சொல்லுங்கள். கன்ட்ரோல் எல்லாம் முதலில், மற்றவை பிறகு என்று ஓட்டினால் காலம் என்ற அந்தக் குழாய் சோர்ந்துபோவதுகூட இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமாகத் தெரியும்.

படிவத்தில் இனத்தின் பெயரைச் சரியாக எழுதுங்கள். யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் அதிகம் பதிவாகாத செடி என்றால் உங்கள் டிரான்ஸ்கிரிப்டோமிலிருந்து (அதன் ஆர்என்ஏ வரிசைத் தொகுப்பிலிருந்து) எடுத்த ஃபாஸ்டா கோப்பைச் (வரிசைகளை எழுத்தாக வைத்திருக்கும் கோப்பை) சேர்த்துக் கொடுங்கள். டேக் போட்ட புரதம் என்றால் அந்த வரிசையையும். அயோடோஅசிட்டமைடு சேர்த்தீர்களா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்: சேர்க்காத மாதிரியில் சிஸ்டீனுக்கு 57 டால்டன் நிலையாகக் கூட்டித் தேடினால் சிஸ்டீன் உள்ள பெப்டைட் ஒன்றும் சிக்காது.

ரிப்போர்ட்டில் முதலில் ஃபால்ஸ் டிஸ்கவரி விகிதம் (தவறான அடையாளங்களின் மதிப்பிட்ட பங்கு) 1 சதவீதமா என்று பாருங்கள், பிறகு அந்தப் புரதத்துக்கு மட்டுமே உரிய தனித்துவப் பெப்டைட் எத்தனை என்று. ஒரே பெப்டைடை நம்பி அடையாளம் காணப்பட்ட புரதத்தின்மேல் ஆய்வைக் கட்டவேண்டாம். அதன் ஸ்பெக்ட்ரத்தைக் கேட்டு வாங்கி பி, ஒய் அயனிகள் (பெப்டைட் உடையும்போது இரு முனைகளிலிருந்தும் வரும் துண்டுகள்) தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். புரதத்தின் ஒரு பகுதி கவரேஜில் (பெப்டைடுகள் கிடைத்த பரப்பில்) இல்லை என்பதால் அது வெட்டுப்பட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. லைசினும் ஆர்ஜினினும் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பெப்டைடுகள் மிகச் சிறியதாகி நழுவிவிடும்.

எக்செல் ஷீட்டோடு திரும்பிவிடாதீர்கள். ரா கோப்புகளையும் தேடல் அமைப்புகளையும் சேர்த்து வாங்குங்கள். கட்டுரை அனுப்பும்போது பல இதழ்கள் பிரைடு போன்ற புரோட்டியோமிக்ஸ் தரவுக் களஞ்சியத்தில் ரா கோப்பை ஏற்றச் சொல்கின்றன. அதற்குள் ஆய்வகம் தன் வட்டிலிருந்து பழைய கோப்புகளை நீக்கியிருக்கலாம். வாங்கிய அன்றே ஒவ்வொரு கோப்பையும் திறந்து, கிரேடியன்ட் (காலமிலிருந்து பெப்டைடுகளை வெளியேற்றும் கரைப்பான் கலவை மாற்றம்) கடைசிவரை ஓடியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.