நாலு விரல் அகலம்

மாசி மாதம் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். மரவேலை மாஸ்டர் காலமானார். கீழே ஒருவன், "எங்கட கோல்காரர் போயிட்டார்" என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூட மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது வேறு எதைப் பற்றியும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

93, 94 ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலத்தில், எங்களோடு படித்தவர்களுக்குப் பின்வளவுப் பதுங்குகுழியை, அந்தப் பங்கரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரட்டை மணி அடித்தால் மரவேலைக் கூடத்தில் இருந்த நாங்களும் ஆறாம் வகுப்புச் சின்னப் பெடியளும் அந்த ஒரே பங்கருக்குள்தான் இறங்குவோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. வானத்தில் குண்டு போடும் பொம்பர் விமானம் சுற்றிக்கொண்டிருக்கும். சின்னவர்கள் விம்முவார்கள். அந்த இருட்டுக்குள் இருந்துதான் மாஸ்டர் மந்திரக்கோல் செய்யும் ஒரு குடும்பத்தை எங்களுக்கு உண்டாக்கித் தந்தார்.

ஊர் பேர் சொல்லமாட்டார். வழக்கங்களை மட்டும் சொல்லுவார், ஒரு இரட்டை மணிக்கு ஒரு வழக்கம். அந்தக் குடும்பத்தார் நிற்கிற மரத்தில் கைவைக்கமாட்டார்கள். தானாக விழுந்த கொப்பு, இடிந்த வீட்டு வளை, உடைந்த வள்ளம், இவற்றில்தான் கோல் செய்வார்கள். வாங்குகிறவரின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளவு. காசு வாங்குவதில்லை, ஒரு சுண்டு அரிசியும் ஒரு பிடி உப்பும்தான் கூலி. வீட்டில் முதல் உளி மூத்த பெண்பிள்ளைக்கு. யாராவது செத்துப்போனால் முப்பத்தொராம் நாள் வேலியில் ஒரு பூவரசங்கதியால் நடுவார்கள். அது துளிர்த்தால் குடும்பம் அந்த மண்ணில் இருக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கடைசி வழக்கம். செய்கிறவர் கோலை முடிக்கமாட்டார். நுனியில் நாலு விரல் அகலத்தை மினுக்காமல் விட்டுத்தான் கொடுப்பார். வாங்கினவர் அவருக்கு முன்னால் இருந்து தன் கையாலேயே அதை மினுக்க வேண்டும். அதுவரை அது வெறும் தடி.

ஒருநாள் ஒரு சின்னவன், "உண்மையாவோ சேர்?" என்று கேட்டான். மாஸ்டர் தலைக்கோலைப் பற்றிச் சொன்னார். சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும்போது வருவது. தோற்றுப்போன அரசனின் வெண்குடைக் காம்பை எடுத்து, கணுக்களில் நவமணி பதித்து, பொன் தகடு சுற்றி, அதை இந்திரன் மகன் சயந்தனாகவே நினைத்துக் கும்பிட்டார்கள். அரங்கேற்ற நாளில் பொற்குடத்து நீரால் குளிப்பாட்டி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். "ஒரு குடைக்காம்பைத் தெய்வமாக்கினவன் ஒருத்தன் இருந்திருப்பான்தானே தம்பி? அவனுக்கும் வீடு, பெண்சாதி, பிள்ளையள் இருந்திருக்கும்தானே? அந்தக் குடும்பத்தைத்தான் சொல்லுறன்." பொம்பர் போய்விட்ட பிறகும் நாங்கள் மேலே ஏறாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

எனக்கும் ஒரு கோல் வேண்டும் என்று அடங்காத ஆசை. பள்ளிக்கூட வேலியில் நின்ற பூவரசில் நல்ல நேரான கொப்பொன்றை வெட்டி, பட்டை உரித்து, இரவோடிரவாக ஜாம் போத்தல் விளக்கில் சீவிக்கொண்டுபோய் நீட்டினேன். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். நாலாம் நாள் அதை எடுத்து வகுப்புக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தார். அடியிலிருந்து நுனிவரை வெடித்திருந்தது. "ஈரம் போகாத தடி. உயிரோட நிண்டதை வெட்டினவர் ஆர்? எழும்பும்." எழும்பினேன். அவர் என்னை அடிக்கவில்லை. தடியை என் கையில் தந்து, பாடம் முடியும்வரை அதை உயர்த்திப் பிடித்தபடி நிற்கச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே ஆறாம் வகுப்புப் பெடியள் வரிசையாகப் போனார்கள். என்னைப் பார்த்தார்கள். அந்த நாற்பது நிமிடம் இன்றைக்கும் என் தோளில் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாஸ்டர் என்னை மட்டும் மறித்தார். சாக்குக்குள் சுற்றிய ஒரு துண்டு மரம் கொண்டுவந்திருந்தார். குண்டில் இடிந்த அவருடைய வீட்டு முன்கதவு நிலை. முதிரை. பழைய வண்ணத்தைச் சுரண்டியதும் உள்ளே மாம்பழ நிறம் தெரிந்தது. வெயிலில் சரித்துப் பிடித்தால் பட்டுத்துணி மாதிரி மினுங்கியது. "இதுக்கு ஈரமில்லை. என்ர அப்பா போட்ட நிலை" என்றார். அப்புறம் என் கையை மேசையில் வைத்து முழம் அளந்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் வெள்ளிக்கிழமைகளில் அதைச் செய்தோம். அரத்தாள் கடைகளில் கிடையாது. பராய் இலை கொண்டுவருவார். பூனையின் நாக்கு மாதிரிச் சுணை பிடித்த இலை. நார் போகும் திசைக்கே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். எந்த இடம் இன்னும் மினுக்குப்படவில்லை என்று கண்ணால் பார்க்க விடமாட்டார். கண்ணை மூடி, பெருவிரலால் தடவித்தான் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு துளி இலுப்பெண்ணெய். நுனியில் நாலு விரல் மட்டும் விட்டிருந்தோம். தீபாவளிக்குப் பிறகு முடிப்போம் என்றார்.

1995 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் நின்ற கூட்டத்துக்குள் என் புத்தகப் பையில் அந்தக் கோல் இருந்தது. மாஸ்டர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. அதன் பிறகு வன்னி, கொழும்பு, லண்டன்.

சண்டையால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்து ஏ9 பாதை திறந்ததற்கு அடுத்த வருடம், 2003இல், நல்லூர்த் திருவிழாவுக்குப் போனேன். மாஸ்டர் இடிந்த வீட்டின் ஒரு அறையைக் கட்டி இருந்தார். வாசலுக்கு நிலை இல்லை, சீமெந்துப் பூச்சுத்தான். தேத்தண்ணி வந்தது. அவர் என் கையைப் பிடித்துப் பெருவிரலைத் தடவிப் பார்த்தார். "கோல் கொண்டந்தனீரோ?"

கொண்டுபோகவில்லை. சாமான் நிறை கூடிவிட்டது என்று எடுத்து வெளியே வைத்தவன் நான்தான். "அடுத்த முறை கொண்டுவாறன் சேர்" என்றேன். அவர் உள்ளே போய், ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் அடுக்கிய பராய் இலைகளைக் கொண்டுவந்து தந்தார்.

அடுத்த முறை வரவில்லை. வேலை, வீட்டுக் கடன், திரும்பவும் சண்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். எல்லாம் உண்மைதான். ஆனால் சண்டை முடிந்த பிறகும் இத்தனை வருடம் இருந்ததே.

ஒருமுறை பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்துக்காரரின் மந்திரக்கோல்களைப் பார்த்தேன். ஏறக்குறைய 4000 வருடப் பழசு. நீர்யானைப் பல்லில் செய்தவை, அரிவாள் போல வளைந்தவை. கத்தி பிடித்த காவல் தெய்வங்களும் சிங்கங்களும் செதுக்கியிருந்தன. குழந்தைகளையும் பிள்ளை பெற்ற தாய்மாரையும் காப்பதற்காகச் செய்தவையாம். பங்கருக்குள் விம்மிய சின்னவர்கள் கண்ணுக்குள் வந்தார்கள். அன்றிரவே மாஸ்டருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"செய்தவையின்ர பேர் போட்டிருக்கோ?"

"இல்லை சேர்."

"அப்ப அவை எங்கட ஆக்கள்தான்."

முப்பத்தொராம் நாள் மாஸ்டரின் மூத்த மகள் வேலியில் பூவரசங்கதியால் ஒன்று நட்டிருக்கிறா. அந்த வழக்கம் வீட்டிலும் சொல்லப்பட்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வைகாசியில் படம் அனுப்பினா. தடியின் பக்கத்தில் இரண்டு சின்ன இலைகள், இதய வடிவில். "துளிர்த்திட்டுது அண்ணா. உங்களிட்டை ஒரு கோல் இருக்குதாம், அப்பா சொன்னவர்" என்று எழுதியிருந்தா.

இதை எழுதும்போது கோல் மேசையில் கிடக்கிறது. பஞ்சாங்கத்துக்குள் இருந்த பராய் இலை தொட்டதும் உதிர்கிறது. கண்ணை மூடிப் பெருவிரலால் தடவிக்கொண்டு போகிறேன். முக்கால்வாசிக்கு மேல் வழுவழுப்பு, அப்புறம் அந்த நாலு விரல் அகலம்.