கொஞ்சம் எண்ணெய்

"கொஞ்சம் எண்ணெய் தொட்டு வைங்கம்மா. திங்கட்கிழமை காலையில கொண்டு வாங்க."

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, கிளினிக்கைப் பூட்டும் நேரத்தில் போனில் நான் சொன்னது இது. பேசியவர் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருப்பவர். "சார், லவ் பேர்ட்ஸுக்கு மூக்கு மேல சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கு. கட்டையில போயி தேச்சுகிட்டே இருக்கு. ஏதாவது தடவலாமா?" என்று கேட்டிருந்தார். என் பதிலைத்தான் இன்னும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். "தொட்டு வைங்க" என்றேனா, "தடவி வைங்க" என்றேனா என்பதே இப்போது உறுதியாக நினைவில் இல்லை. தொட்டு என்றுதான் சொன்னேன் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதாலேயே அதை நம்பவும் தயக்கமாக இருக்கிறது.

நோய் என்ன என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர். அதன் தோலுக்குள் சுரங்கம் தோண்டி வாழும் நெமிடோகோப்டஸ் என்ற சிற்றுண்ணிதான் இந்தச் சுண்ணாம்புப் பூச்சுக்குக் காரணம். முதலில் வாயோரத்தில் மாவு ஒட்டியது போல் தெரியும். பிறகு அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் மெழுகுப் பகுதி, கண்ணைச் சுற்றி, கால், ஆசனவாய் ஓரம் என்று பொருக்குக் கட்டும். பத்து மடங்கு காட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தால் அந்தப் பொருக்கு முழுக்க ஊசி முனை அளவுத் துளைகள், தேனடையை உடைத்துப் பார்த்தது போல. துளை இருந்தால் சிற்றுண்ணி.

துளை இல்லையென்றால் அவசரப்படக் கூடாது. முட்டையிடும் பருவத்தில் பெட்டைக்கு அந்த மெழுகுப் பகுதி பழுப்பாகித் தடித்து, சொரசொரவென்று ஆவது இயல்பு. அதைச் சுரண்டி இரத்தம் வரவைத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. 35 கிராம் பறவைக்கு உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறத்தாழ மூன்றரை மில்லிதான். இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் தலையில் வெள்ளை முள் முள்ளாக நிற்பதையும் நோய் என்று நினைப்பார்கள். அது புது இறகின் உறை, தானாகவே உரிந்துவிடும். இரவில் மட்டும் தூங்காமல் படபடக்கிறது என்றால் சிவப்பு உண்ணியாக இருக்கலாம். அது பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்துகொண்டு இருட்டியதும் வந்து இரத்தம் குடிப்பது. ராத்திரி கூண்டின் மேல் வெள்ளைத் துணி போர்த்தி, விடிவதற்கு முன்பே துணியின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் சிவப்புப் புள்ளிகள் ஊரும்.

இந்த வித்தியாசங்களையெல்லாம் அன்று நான் அந்த அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை மாறியிருக்காது. வெள்ளைப் பொருக்கு, தேய்த்தல், இரண்டுமே இருந்தன. நான் கேட்காமல் விட்டது வேறு ஒன்று. எந்த எண்ணெய், எவ்வளவு, எதால் தொடுவீர்கள், ராத்திரி கூண்டு எங்கே இருக்கும்?

எண்ணெய் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பொருக்கில் எண்ணெய்ப் பசை ஊறினால் அது இளகும், துளைக்குள் இருக்கும் சிற்றுண்ணிக்கு மூச்சு அடைக்கும். மருந்து வருவதற்கு முன்பு எல்லா ஊரிலும் செய்துவந்ததுதான். திரவ பாரஃபின் ஒரு சொட்டைப் பட்ஸில் எடுத்து, சீசா விளிம்பில் வழித்துவிட்டு, மிச்சம் இருக்கும் ஈரத்தால் பொருக்கை மட்டும் தொட வேண்டும். மூக்குத் துளைக்குள் போகக் கூடாது, இறகில் படவே கூடாது. இதைத்தான் நான் "கொஞ்சம் எண்ணெய்" என்ற இரண்டு வார்த்தையில் அடக்கினேன்.

அந்த வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். டிசம்பரில் மலையில் யார் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தாலும் உள்ளே வெள்ளைக் கட்டிதான். அந்த அம்மா பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்கி, பறவையைக் கையில் பிடித்துக்கொண்டு விரலால் தடவியிருக்கிறார். சொரிவது உடம்பு முழுக்கத்தானே என்று நெஞ்சிலும், சிறகுக்கு அடியிலும்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, துணிப் பையில் அட்டைப்பெட்டியோடு வந்துவிட்டார். ராத்திரி உருக்கித் தடவிய எண்ணெய் விடிவதற்குள் இறகிலேயே திரும்ப உறைந்திருந்தது. நெஞ்சு இறகு மெழுகுத் திரிகள் மாதிரி கொத்துக் கொத்தாகப் பிரிந்து நிற்க, இடையிடையே இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. பறவை பெட்டியின் மூலையில், கண்ணைப் பாதி மூடி, வால் மூச்சுக்கு மூச்சு ஆட உட்கார்ந்திருந்தது. "நீங்க சொன்ன மாதிரியே தடவினேன் சார்" என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல. மருந்தை வேளாவேளைக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லும் குரல். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பறவையின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். இறகின் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு, உள்ளே காற்றை அடைத்து வைத்திருப்பதால்தான் அந்தச் சூடு நிற்கிறது. எண்ணெய் பட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்று வெளியேறிவிடும். மதுரையில் இதே தவறு நடந்தால் பறவை நாலு நாள் அழுக்காகத் திரியும், அவ்வளவுதான். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இந்த ஊரில் அது போர்வையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நிறுத்துவதற்குச் சமம். இருபது வருடமாக இந்த மலையில் வேலை பார்ப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் சமவெளிக்குச் சொல்லும் பதிலையே சொன்னேன்.

அன்று நான் எடுத்த முடிவுகளிலும் எனக்கு முழு நிம்மதி இல்லை. முதலில் சூடு கொடுத்தேன். அதில் தவறில்லை, குளிர்ந்துபோன பறவையை எடுத்தவுடன் கழுவினால் கையிலேயே போய்விடும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாகி 30 டிகிரிக்கு வரும்படி, துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில். மறுபக்கத்தைச் சூடில்லாமல் விட வேண்டும், அதிகமானால் பறவை நகர்ந்துகொள்ளட்டும் என்று. வாயைத் திறந்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கினால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். (பழைய குண்டு பல்பு இப்போது குறைந்துவிட்டது. எல்.இ.டி. பல்பை மாட்டிவிட்டு "லைட் போட்டிருக்கோம் சார்" என்பவர்கள் இருக்கிறார்கள், அதில் வெளிச்சம்தான் வரும். கரி அடுப்பை மட்டும் மூடிய அறையில் வைக்கவே வேண்டாம், பறவைக்கும் ஆளுக்கும்.)

ஒரு மணி நேரத்தில் பறவை கண்ணைத் திறந்தது. ஆனால் அந்த 30 டிகிரியில் உறைந்திருந்த எண்ணெயும் உருகியது. நுனியில் கட்டியாக நின்றது அடித்தூவி வரை இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் கழுவியிருக்க வேண்டுமோ? 40 டிகிரி வெதுவெதுப்பில், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த நீரில் முக்கி, இறகின் போக்கிலேயே வழித்து, சோப்பு போகும்வரை மூன்று நான்கு தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டு ஆள் வேண்டும். பத்து நிமிடம் கையில் இருப்பதே அதற்குப் பெரிய அதிர்ச்சி. நாளை இன்னும் தெம்பு வந்ததும் கழுவலாம் என்று தள்ளினேன். மருந்தை மட்டும் அன்றே வைத்தேன்.

அந்த மருந்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகப் பறவைகள் சாகின்றன. ஐவர்மெக்டின், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 35 கிராம் பறவைக்கு 0.007 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் மாட்டு ஊசி மருந்து ஒரு சதவீதம், அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். "ஒரு சொட்டு விடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே விட்டால் அந்த ஒரு சொட்டில் ஏறத்தாழ எழுபது பறவைக்கான மருந்து இருக்கும். 0.1 மில்லி மருந்தை 9.9 மில்லி புரொபிலீன் கிளைக்காலில் கலந்தால், 0.07 மில்லி சரியான அளவு. தண்ணீரில் கலந்தால் பிரிந்துவிடும். பிடரிப் பக்கம் இறகை ஊதி விலக்கினால் தோல் தெரியும், அங்கே வைக்க வேண்டும். ஊசியாகப் போடுவதில்லை, சின்னப் பறவைகள் அதில் செத்திருக்கின்றன. பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணை, கூண்டில் இருக்கும் அத்தனை பறவைக்கும்.

அளவு சரி. ஆனால் சிற்றுண்ணி ஒரே நாளில் கொல்லும் நோய் அல்ல. இரண்டு நாள் காத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. போனில் சொன்னதற்கு ஈடாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில் மருந்தை எடுத்தேனோ என்று தோன்றுகிறது. மாலை நாலு மணிக்குப் பறவை தினை கொறித்தது. திங்கட்கிழமை விடியும் முன் பெட்டியில் செத்துக் கிடந்தது.

எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ராத்திரிக் குளிர், எண்ணெய், கையில் பிடித்த அதிர்ச்சி, மருந்து. தினை மட்டுமே தின்று வளர்ந்த உடம்பு என்பதும் உண்டு. தினையில் வைட்டமின் ஏ கிடையாது என்றே சொல்லலாம், தோல் வறண்டு எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் பல நாள் பதுங்கியிருந்த சிற்றுண்ணி தலைகாட்டும். கேரட் விளையும் ஊரில் கேரட்டைச் சீவிப் போட ஆளில்லை. கொல்லையில் காய்க்கிறதே என்று பட்டர் ஃப்ரூட்டைப் போடுகிறார்கள், அது பறவைக்கு விஷம்.

எதையுமே தடவாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றும் தடவாதே என்றால் இங்கே வீட்டில் இருக்கும் தைலம்தான் வெளியே வரும். சளிக்கு, மூட்டு வலிக்கு, பூச்சிக் கடிக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். யூகலிப்டஸ் தைலத்தின் நெடி பறவையின் நுரையீரலுக்கு ஆகாது, தோலையும் எரிக்கும். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் பரவாயில்லை என்று என் பக்கம் வாதாடிப் பார்க்கிறேன். வாதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா தைலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஜோடிப் பறவையையும் கொண்டுவரச் சொன்னேன். அதற்கு வாயோரத்தில் மட்டும் பொருக்கு. மரக் கட்டைகளை எரித்து, முட்டையிட வைத்திருந்த மண்பானையையும் எறிந்துவிட்டு, கொய்யாக் குச்சி வெட்டி வைத்துவிட்டதாகச் சொன்னார். நான் கட்டைகளைத்தான் மாற்றச் சொன்னேன், பானையையும் தூக்கிப் போட்டது அவராகச் செய்தது. பதினான்காம் நாள் இரண்டாவது தவணைக்கு வந்தபோது பெரும்பாலும் உதிர்ந்திருந்தது. லென்ஸில் இடது வாயோரத்தில் இன்னும் நாலைந்து துளை.

"அதுக்கு எதுவும் தடவணுமா சார்?"

பாரஃபின் சீசாவைத் திறந்து, பட்ஸை நனைத்து, விளிம்பில் இரண்டு முறை வழித்து, அவருடைய புறங்கையில் தொட்டுக் காட்டினேன். கொழுந்து பறித்துக் கறுத்திருந்த விரல்களுக்கு மேலே, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் மினுக்கும் ஒரு புள்ளி. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனூண்டுதானா சார்?"

"இத்தனூண்டுதாம்மா" என்றேன். மூன்றாவது தவணைக்கான தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.