சிவப்பு வட்டம்

ஜனவரி 30, வியாழன், ஆஸ்லோ

நார்வேஜிய வகுப்பில் வீட்டுப்பாடம் திருத்தி வந்தது. நாடாளுமன்றத்தை 'ஸ்டோர்டிங்கென்' என்று எழுதியிருந்தேன். கடைசி அசையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'ஸ்டோர்டிங்கெட்' என்றிருக்க வேண்டுமாம். அதே பெயரில் இருக்கும் சுரங்க ரயில் நிலையத்தைத் தினமும் தாண்டிப் போகிறேன், பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இருந்தும்!

இந்த மொழியில் பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பால் உண்டு. 'டிங்' ஆண்பாலானால் சாமான், பொருள். ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பாலானால் கூட்டம், சபை. முன்னதற்கு விகுதி 'என்', பின்னதற்கு 'எட்'. 'ஸ்டோர்' என்றால் பெரிய. அதாவது அப்படியே நம் 'பேரவை'. இது முன்பே உறைத்திருந்தால் வட்டம் விழுந்திருக்காது.

பிப்ரவரி 1, சனி

வெளியே பனி. நாள் முழுக்க இந்தச் சொல்லோடுதான் போனது. ஆங்கிலத்தின் 'திங்', ஜெர்மனின் 'டிங்', நார்வேயின் 'டிங்' எல்லாம் ஒரே வேர். (பின்னிரண்டும் உச்சரிப்பில் வேறு, தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன.) பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சபை என்ற பொருளும் இருந்தது. ஊர் கூடிப் பேசும் இடம் முதலில். பிறகு அங்கே பேசப்பட்ட வழக்கு. பிறகு எந்த விவகாரமும். கடைசியில் மேஜைமேல் கிடக்கும் பெயர் தெரியாத சாமான். பிரெஞ்சில் பொருளைக் குறிக்கும் 'ஷோஸ்' கூட வழக்கைக் குறித்த லத்தீன் 'காவுசா'விலிருந்து வந்ததுதான்.

ஐஸ்லாந்திலும் சொல் அவ்வளவாகத் தேயவில்லை. 930-இல் தொடங்கிய அவர்களது 'அல்திங்கி' இன்றும் நாடாளுமன்றத்தின் பெயர். ஏட்டில் எழுதாத காலத்தில், சட்டம் சொல்பவர் ஒருவர் பாறைமேல் நின்று ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று கோடைகளில் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பாராம். எனக்கு ஒரு விகுதி நிற்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஜெர்மனில் இன்றைக்கு 'டீன்ஸ்டாக்'. அதற்குள்ளும் இந்தச் சபைதான் இருக்கிறது என்கிறார்கள். வட இங்கிலாந்தில், ரோமர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில், ரோமப் படையில் இருந்த ஜெர்மானிய வீரர்கள் நிறுத்திய பலிபீடக் கல் கிடைத்தது. அதில் 'மார்ஸ் திங்சஸ்' என்ற பெயர், அதாவது சபையின் காவல் தெய்வமான மார்ஸ் (ரோமரின் போர்க் கடவுள்). அந்தத் 'திங்சஸ்'தான் 'டீன்ஸ்டாக்'கில் இருக்கிறதாம். மார்ஸ் என்றால் செவ்வாய். சுற்றி வளைத்து நம் கிழமைக்கே வந்தாயிற்று! நார்வேக்காரர்களின் 'டீர்ஸ்டாக்'கோ மார்ஸுக்கு இணையாகக் கருதப்பட்ட டீர் என்ற தெய்வத்தின் பெயரை நேரடியாக வைத்துக்கொண்டது.

பிப்ரவரி 6, வியாழன்

இந்த வாரம் வட்டம் இல்லை. வகுப்பு முடிந்து வரும்போது நீதிமன்றக் கட்டடத்தைத் தாண்டினேன். அதற்கு இங்கே 'டிங்ஹூஸ்' என்று பெயர். ஆஸ்லோவுக்கு வந்த புதிதில் சொல்லைப் பிரித்துப் பார்த்து, 'சாமான் வீடு', ஏதோ குடோன் போல என்று நினைத்திருந்தேன். வாசலில் ஒரு லாரியைக்கூடக் காணோமே என்று அப்போதே யோசித்திருக்கலாம்.