குளிர்த்தி மலரும் ஒரு பழைய வன்தட்டும்

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலின் 2003 ஆம் ஆண்டுத் திருக்குளிர்த்திச் சடங்கு மலரை மறுபதிப்புச் செய்ய வேண்டும் என்று கோயில் நிர்வாகியான வண்ணக்கர் மாசியிலேயே சொல்லிவிட்டார். வைகாசிச் சடங்கு தொடங்குவதற்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அதை அச்சிட்ட மட்டக்களப்பு நகர் அச்சகம் மூடப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. உரிமையாளரின் மகனிடம் மிஞ்சியிருந்தது ஒரு வன்தட்டு மட்டும். 40 ஜிகாபைட், பழைய வகையான அகலமான ஐடிஇ இணைப்பு, மேலே மார்க்கர் பேனாவால் ‘கோயில் வேலை’ என்று எழுதியிருந்தது. கணினியின் மற்ற உறுப்புகள் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன.

“கோப்புகளை மட்டும் பிரதி எடுத்தால் போதாதா தம்பி?” என்று வண்ணக்கர் கேட்டார். போதாது. மலர் முழுவதும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் அமைத்தது. யுனிகோடு இங்கே பரவுவதற்கு முன் கலியாண அழைப்பிதழ், இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு, பாடசாலைச் சஞ்சிகை எல்லாவற்றையும் சுமந்தது இந்தப் பாமினிதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பதைத் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். இதை யுனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே சொற்களை மீட்பது பெரிய வேலையல்ல. இரண்டு பத்தியாக ஓடும் குளிர்த்திப் பாடல்கள், ஓரத்துப் பூவேலை, பாட்டுக்கு நடுவே வரும் படங்கள் என்று பக்கத்தை அப்படியே மீட்பதுதான் சிக்கல். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7 வெளிவந்தது 2001 இல். அதன் கோப்புகளை அதன் வாரிசான இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரை திறக்க முடியும் என்றாலும், பாட்டின் அடிகள் பழைய இடத்திலேயே முறியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அச்சகத்தின் விண்டோஸ் எக்ஸ்பியையே என் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக முழுதாக எழுப்பி, அதற்குள் இருந்தே பிடிஎப் எடுப்பதென்று முடிவு செய்தேன்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே வன்தட்டைக் கணினியில் மாட்டி, விண்டோஸ் சொல்கிறபடி ‘பிழை திருத்து’ என்று அழுத்திவிடுகிறார்கள். செய்யாதீர்கள். மட்டக்களப்பின் கடலோரக் கல்லடியில் கடற்காற்றைக் குடித்த வன்தட்டுக்கு எத்தனை சுழற்சி மீதமிருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. இருக்கும் மூச்சைப் படிமம், அதாவது வட்டின் முழுப் பிரதி, எடுப்பதற்கு மட்டும் செலவழிக்க வேண்டும். இணைப்பூசிகளில் பச்சை படிந்திருந்தது. ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடைத்து, ஐடிஇயிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கம்பியில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவியை ஓட விட்டேன். நன்றாகப் படிக்கிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்து, பிறகு திரும்பி வந்து அவற்றைக் கெஞ்சுவது அதன் குணம். எதுவரை படித்தது என்று தனிக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். படிக்க முடியாத சில துண்டுகள் இறுதிவரை அப்படியே இருந்தன. நல்ல காலமாக அவை விழுந்தது விண்டோஸின் உதவிக் கோப்புகளில்.

கிடைத்த படிமத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டி வெளிவன்தட்டில் வைத்தேன். அந்த வெளிவன்தட்டு எக்ஸ்பேட் வடிவில் இருக்க வேண்டும், அல்லது என்டிஎப்எஸ். பேட்32 இல் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. “இடம் நிறைய இருக்கிறது, ஆனால் பிரதி ஆகவில்லை” என்று என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் நோய் இதுதான்.

அடுத்தது வடிவ மாற்றம். அப்படியே எடுத்த பச்சைப் படிமம் வெற்றிடத்தையும் சேர்த்துச் சுமக்கும். விடிஐ, விஎச்டி, விஎம்டிகே, கியூகவ்2 போன்ற மெய்நிகர் வட்டு வடிவங்கள் தேவைக்கேற்ப வளரும். பூச்சியமாகக் கிடக்கும் பகுதிகளுக்கு இடம் ஒதுக்காது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை நடிக்க வைக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பொக்ஸின் சொந்த வடிவம் விடிஐ என்றாலும் நான் முதலில் விஎச்டியாக மாற்றினேன். விஎச்டியை விண்டோஸின் வட்டு மேலாண்மையிலேயே மாட்டி, இன்னொரு டிரைவ் போலத் திறந்து பார்க்கலாம். அந்த வசதி எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மெய்நிகர் இயந்திரத்தை உருவாக்கி, விஎச்டியை மாட்டி இயக்கினேன். எக்ஸ்பியின் சின்னம் ஒரு கணம் தெரிந்தது. பிறகு நீலத்திரை, நிறுத்தக் குறியீடு 7பி.

இந்த 7பியைக் கண்டதும் ‘படிமம் கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. படிமம் மோசமாகக் கெட்டிருந்தால் பெரும்பாலும் சின்னம் வரை வந்திருக்காது. தான் தொடங்கிய வட்டையே தன்னால் எட்ட முடியவில்லை என்று விண்டோஸ் சொல்கிறது, அவ்வளவுதான். வட்டில் குறையில்லை. வட்டுக்கும் தனக்கும் இடையே இருக்கும் கட்டுப்படுத்தியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. புது ஊருக்கு மாற்றலாகி வந்த தபாற்காரருக்கு வீடு தெரியாமல் போனால், அதற்காக வீட்டை இடித்துக் கட்டுவதில்லையே.

முதலில் பார்க்க வேண்டியது கட்டுப்படுத்தியின் வகை. ஐடிஇக்குப் பின் வந்த ஏஎச்சிஐ சாட்டா என்ற இணைப்பு முறைக்கான இயக்கி எக்ஸ்பியில் உள்ளேயே வருவதில்லை. இயந்திரத்தை உருவாக்கும்போது விருந்தினரின், அதாவது உள்ளே ஓடும் இயங்குதளத்தின், வகையைப் புதிய விண்டோஸ் என்று கொடுத்திருந்தால் வட்டு சாட்டாவில் போய் உட்கார்ந்திருக்கும். சேமிப்பு அமைப்பில் அதைக் கழற்றி, ஐடிஇ கட்டுப்படுத்தியைச் சேர்த்து, அதில் மாட்ட வேண்டும். பலருக்கு இதோடு கதை முடிந்துவிடும்.

என் படிமத்துக்கு முடியவில்லை. அச்சகத்துக் கணினியின் தாய்ப்பலகை வியா நிறுவனத்தின் சில்லுகளால் ஆனது. விர்ச்சுவல்பொக்ஸ் நடிப்பதோ இன்டெலின் பிக்ஸ்4 என்ற சில்லை. இந்த எக்ஸ்பி இன்டெலின் கட்டுப்படுத்தியை வாழ்நாளில் கண்டதில்லை. தொடங்கும்போதே தேவைப்படும் கருவிகளின் பட்டியல் ஒன்று, அமைப்புகளைச் சேமித்து வைக்கும் எக்ஸ்பியின் பதிவேட்டில் உண்டு. அதில் இன்டெலின் பெயர் இல்லாவிட்டால், இயக்கிக் கோப்பு வட்டிலேயே இருந்தாலும் அது எழுந்திருக்காது.

இணையத்தில் இதற்குச் சொல்லப்படும் வழி, பழைய கணினியை இயக்கி அதற்குள் ஒரு சிறு நிரலை ஓட்டிவிட்டுப் பிறகு படிமம் எடுப்பது. பழைய கணினியோ இரும்புக் கடையில். ஆகவே விஎச்டியை என் விண்டோஸில் மாட்டினேன். பதிவேட்டுத் தொகுப்பானைத் திறந்து, மாட்டிய டிரைவின் சிஸ்டம்32 கோப்புறைக்குள், கன்பிக் என்பதில் இருக்கும் ‘சிஸ்டம்’ கோப்பைத் தற்காலிகப் பெயரில் ஏற்றினேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வழிகாட்டிகள் எல்லாம் ‘கரண்ட் கன்ட்ரோல் செட்’ என்ற கிளையைச் சொல்லும். அந்தக் கிளை விண்டோஸ் ஓடும்போது மட்டுமே தோன்றுவது. தூங்கும் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. ‘செலக்ட்’ என்ற கிளையில் ‘கரண்ட்’ எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பார்த்து, அந்த எண்ணுடைய கன்ட்ரோல் செட்டில் மாற்றத்தைச் செய்ய வேண்டும். பெரும்பாலும் 001 ஆக இருக்கும்.

அங்கே அடாபி, இன்டெல்ஐடிஇ என்ற இரு சேவைகளின் தொடக்க மதிப்பையும் 0 ஆக்கி, அவசியக் கருவிகளின் பட்டியலில் பிக்ஸ்4 கட்டுப்படுத்திக்கான பதிவைச் சேர்த்தேன். அதன் அடையாளம் விற்பனையாளர் 8086, கருவி 7111. இன்டெல் தன் பழைய புராசசரின் பெயரையே தன் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது எனக்கு எப்போதும் ரசிக்கத்தக்க விடயம். இன்டெல்ஐடிஇ இயக்கிக் கோப்பு டிரைவர்ஸ் கோப்புறையில் இல்லாவிட்டால், எக்ஸ்பியின் டிரைவர் கேப் என்ற பொதிக்குள் இருந்து பிரித்தெடுத்து வைக்கலாம். பிறகு ஏற்றிய பதிவேட்டை இறக்கி, விஎச்டியையும் கழற்றிவிட வேண்டும். ஒரே படிமத்தை இரண்டு விண்டோஸ் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு முறைமை தாறுமாறாகிவிடும்.

அதன் பிறகு எக்ஸ்பி முழுதாக எழுந்தது. திரையின் பின்னணியில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தக்குளத்தின் படம். ‘புதிய வன்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினேன். வன்பொருள் மாறியதால் எக்ஸ்பி தன் உரிமத்தை மறுபடியும் செயற்படுத்தச் சொல்லிக் கேட்கலாம் என்பதால், முதல் வேலையாக மலரின் கோப்புறையை வெளியே எடுத்துவிட்டேன். வலையமைப்பு அட்டையை இயந்திரத்திலிருந்தே நீக்கினேன். 2014 ஏப்ரல் 8 ஆம் திகதியோடு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஒன்றை இணையத்தில் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. கோப்பைக் கொண்டுபோக, கொண்டுவரப் பகிர்ந்த கோப்புறையே போதும்.

இதற்கிடையில் கல்முனையிலிருந்து மச்சான் தொலைபேசியில் அழைத்தார். அவரும் தன் கணினியில் லினக்ஸ் படிமம் ஒன்றை ஓட்டப் பார்த்திருக்கிறார்.

“மச்சான், 64 பிட் எதுவுமே பட்டியலில் வரவில்லை. கோப்பு பழுதா?”

“கோப்பை விடுங்கள். பயோஸில் விடி-எக்ஸ் திறந்திருக்கிறதா?”

“அது என்ன?”

புராசசருக்குள்ளேயே இருக்கும் மெய்நிகராக்க வசதி அது. பல கணினிகள் அதை மூடிய நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன. இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வி அல்லது எஸ்விஎம் என்று பெயர் இருக்கும். விர்ச்சுவல்பொக்ஸ் 6.1 முதல் அது இல்லாமல் எதுவும் ஓடாது. மச்சான் பயோஸில் அதைத் திறந்த பிறகு படிமம் ஓடியது, ஆனால் ஊர்ந்தது. சாளரத்தின் அடியில் பச்சை ஆமைச் சின்னம் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி அந்த வசதியை முன்பே பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு விர்ச்சுவல்பொக்ஸ் காட்டும் அடையாளம் அது. நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு அமைப்பும் அதையே செய்யும். அந்தப் பாதுகாப்பை மூடச் சொல்ல எனக்கு மனமில்லை. எக்ஸ்பி போன்ற எடை குறைந்த விருந்தினருக்கு ஆமை பெரிய தொல்லையும் இல்லை. என்னிடம் ஆமை இருந்தபடியேதான் மலர் முழுவதும் முடிந்தது.

எக்ஸ்பி நிலைத்தவுடன் விஎச்டியை விடிஐயாக குளோன் செய்து, ஒரு நிலைப்பதிவும் எடுத்து வைத்தேன். நிலைப்பதிவு என்பது முழுப் பிரதியல்ல. அந்தக் கணத்துக்குப் பின் நிகழும் மாற்றங்கள் வேறொரு கோப்பில் சேரும், அது தாய்ப் படிமத்தின் மேல் நிற்கும். இடம் போதவில்லை என்று அந்தக் கோப்புறையை எக்ஸ்புளோரரில் அழித்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு நான் செய்யக்கூடியது அனுதாபப்படுவது மட்டும். அதேபோல், விடிஐயைக் கோப்பாகப் பிரதி எடுத்து அதே விர்ச்சுவல்பொக்ஸில் சேர்த்தால், இந்த அடையாள எண்ணோடு வட்டு ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்துவிடும். குளோன் செய்தால் புதிய எண் தானாகக் கிடைக்கும்.

ஐடிஇக்கு இன்னொரு குணம் உண்டு. விர்ச்சுவல்பொக்ஸ் அந்தக் கட்டுப்படுத்திக்கு, புரவலன் கணினியின், அதாவது வெளியே இருக்கும் உண்மைக் கணினியின், நினைவகத்தை இடைத்தேக்கமாகப் பயன்படுத்தும் வசதியை இயல்பாகவே திறந்து வைத்திருக்கும். எழுதியதாக எக்ஸ்பி நம்பும் தரவு இன்னும் என் நினைவகத்தில் கிடக்கலாம். மாரி மழைக்கு மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இது ஆபத்து. அந்தக் குறியை எடுத்துவிட்டேன். வேகம் சற்றுக் குறைந்தது, நிம்மதி கூடியது.

பேஜ்மேக்கர் மலரைத் திறந்தபோது சில படங்களின் இணைப்புக் கோப்புகளைக் காணவில்லை என்று கேட்டது. அச்சகத்தார் அவற்றை வேறொரு கோப்புறைக்கு மாற்றியிருந்தார்கள். தேடிக் காட்டியதும் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. எழுத்துரு பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறி ஒன்றை நிறுவி, கோப்பாக அச்சிட்டு, வெளியே கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பிடிஎப் ஆக்கினேன். பழைய புத்தகத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். ஓரத்துப் பூவேலை உட்பட அடிக்கு அடி பொருந்தியது.

வண்ணக்கரும் கோயில் பூசகரான கப்புகனாரும் பிடிஎப்பைப் பார்த்தார்கள். “அச்சு அசல் அதேதான்” என்றார் வண்ணக்கர். கப்புகனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மலரில் உள்ள காவியப் பாடல்களில் பழைய பதிப்பிலேயே விழுந்திருந்த பிழைகளை வரிசையாகக் காட்டத் தொடங்கினார். அத்தோடு தலைவர் வாழ்த்துரையும் மாற வேண்டும், பழைய தலைவர் காலமாகிவிட்டார்.

திருத்தங்களைப் பேஜ்மேக்கருக்குள், பாமினியில்தான் அடிக்க வேண்டும். யுனிகோடு விசைப்பலகையில் பழகிய என் விரலுக்கு அது வராது. அக்காவைக் கூப்பிட்டேன். தட்டெழுத்து வகுப்பு முடித்து, திருமணத்துக்கு முன் ஒரு நிறுவனத்தில் பாமினியில் அறிக்கைகள் அடித்தவர். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, விசைப்பலகையைப் பாராமலே அடிக்கிறார். அவருக்கு இருக்கும் ஒரே முறைப்பாடு, சுட்டி சில வேளைகளில் எக்ஸ்பி சாளரத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது என்பது. வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை ஒரு தரம் தட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.