படிவத்தில் இடமில்லாத கைகள்

பழவேற்காடு ஏரியில் களப்பணிக்குச் சேர்ந்தபோது என்னிடம் ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும் ஒரு கட்டுப் படிவங்களும் கொடுத்தார்கள். தண்ணீரின் உப்பை அளப்பது ஒரு வேலை. யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டாவது கணக்கில் இல்லாத பெண்கள்.

முதலில் ஏரியைப் பற்றிக் கொஞ்சம். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீளமாகக் கிடக்கிறது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்புக்குச் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் ஓரமெல்லாம் தரை தெரிந்துவிடும்.

ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சேரும் கோடு தெரியும். கடல் தண்ணீரென்றால் அது 35-ஐ, அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பை, ஒட்டி நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து சேர்ந்ததும் கோடு மளமளவென்று கீழே இறங்கிவிடும். அந்த வெள்ளம்தான் முகத்துவாரத்து மணலையும் அரித்துக்கொண்டு போகும். மழை ஓய்ந்த பிறகு கரையோர நீரோட்டம் திரும்பவும் மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். வாய் அடைபட்ட கோடையில் ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும்.

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றத்தோடு, முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஓரத்துச் சேற்றில் சில மாதங்கள் வளர்ந்து, பிறகு கடலுக்கே திரும்பும். வாய் அடைத்தால் வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை.

இந்த இறாலுக்காக மீனவக் குப்பங்களில் பாடு என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்று ஊரே முறைவைத்து ஒதுக்கும். நல்ல இடத்தை வசதி உள்ளவர் ஒருவரே பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. எனக்கு அந்த முறைமேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் முறை கிடைப்பது தலைக்கட்டு ஆண்களுக்கு மட்டும். என் படிவமும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் போனது: படகு உண்டா, எஞ்சின் உண்டா, என்ன வலை, எத்தனை கிலோ.

ஓரத்தில் இறால் தடவும் இருளர் பெண்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் “இல்லை” என்றுதான் வரும். “எங்களுக்கு ஏது வலை மேடம், கைதான்” என்றார் ஓர் அக்கா. பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்தவாக்கில் நகர்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில் விரிந்து தடவிக்கொண்டே போகும். இறால் துள்ளுவதற்குள் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட்டுவிட வேண்டும். வாயில் பறி இருப்பதால் வேலை நேரத்தில் பேச்சே கிடையாது. கரையேறிய பிறகுதான் அவர்களிடம் எதையும் கேட்க முடியும். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும், சிப்பி கிழித்த கீறல்களோடு.

அவர்கள் பிடிக்கும் இறால் பெரும்பாலும் ஏலத்துக்கு வருவதில்லை. கரையிலேயே வியாபாரி வாங்கிக்கொண்டு போய்விடுவார். நாங்கள் கணக்கெடுத்ததோ காலை ஏலம் நடக்கும் இடத்தில். அப்புறம் எப்படிக் கணக்கில் வருவார்கள்?

கோடையில் ஒரு நாள் உப்பு அளந்துகொண்டிருந்தபோது அந்த அக்கா சொன்னார்: “தண்ணி முட்டிக்குக் கீழ போனா சூடேறிடும். இறால் ஆழத்துக்குப் போயிடும். அங்க எங்க கை எட்டாது. படகுக்காரங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைக்கும்.” பழைய படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். வலைக்காரர்களின் பிடிப்பு குறையத் தொடங்கும் முன்பே என் உப்புக் கோடு ஏறியிருந்தது. அந்த இடைவெளியில்தான் ஓரத்துப் பெண்களுக்கு வேலை போகிறது. அந்த வாரங்களில் பழவேற்காட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகவே எங்கள் அறிக்கை சொல்லும்.

இங்கே வருபவர்கள் டச்சுக்காரர் கல்லறைகளையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பூநாரை நின்று மேய்வதும் இதே ஆழம் குறைந்த சேற்றில்தான். குளிர்காலத்தில் எத்தனை பறவை வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதே தண்ணீரில் எத்தனை பெண்கள் பிழைக்கிறார்கள் என்பதற்கு ஏன் இருக்கக் கூடாது? உதவித்தொகையோ இழப்பீடோ பேசப்படும்போது முதலில் கேட்பது பதிவைத்தானே.

அடுத்த சுற்றுக்கு மூன்று மாற்றங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கருவி என்ற இடத்தில் படகு, வலையோடு “கை, பறி” சேர வேண்டும். ஏலத்துக்கு மட்டுமல்ல, பெண்கள் கரையேறும் நேரத்துக்கும் ஆள் போக வேண்டும். முகத்துவாரம் திறந்திருக்கிறதா, அடைபட்டதா என்பதை ஒவ்வொரு தாளிலும் தேதிக்குப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். மூன்றாவதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். முதல் இரண்டுக்கும் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். சாயங்கால ஓதத்துக்கு நான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.