மெர்ல் ஹேகார்டின் ரயில் பெட்டி வீடு

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்களுக்கு பேக்கர்ஸ்ஃபீல்ட் என்பது, தப்பித்தவறி அந்தப் பக்கம் போனால், பெட்ரோல் போடுகிற ஊர். நானும் நண்பரும் வேண்டுமென்றே ஐந்தாம் எண் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு 99-ஐப் பிடித்தோம். பாதாம் தோப்பு, திராட்சைத் தோட்டம், மறுபடியும் பாதாம். கோடையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஊருக்கு வடக்கே, விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் 'மெர்ல் ஹேகார்ட் டிரைவ்' என்று பலகை. நாங்கள் வந்ததே அந்தப் பாடகருக்காகத்தான்.

அமெரிக்கக் கிராமத்துப் பாட்டான கன்ட்ரி இசை என்றால் எல்லோரும் டென்னசியின் நாஷ்வில் என்பார்கள். கலிஃபோர்னியாவில் அதற்கு இன்னொரு ஊர் முளைத்ததற்குக் காரணம் வறட்சி. 1930-களில் ஓக்லஹோமா, டெக்சஸ் பக்கம் மண் புழுதியாகப் பறந்தபோது, பிழைப்பு தேடிக் கிளம்பியவர்கள் பருத்தி பறிக்கவும் எண்ணெய் வயலில் வேலை பார்க்கவும் இங்கே வந்து சேர்ந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களை 'ஓக்கி' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். ஹேகார்டின் பெற்றோரும் அப்படி வந்தவர்களே. ஓக்லஹோமாவில் செகோட்டா அருகே அவர்களுடைய தானியக் கொட்டகை 1934-இல் எரிந்துபோனது. இங்கே அப்பாவுக்கு சான்டா ஃபே ரயில்வேயில் தச்சு வேலை கிடைத்தது. கெர்ன் ஆற்றுக்கு அப்பால், ஆயில்டேலில் ஒரு மனை. அதில் கிடந்த பழைய சரக்கு ரயில் பெட்டியை அவர் வீடாக்கினார். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்ல் பிறந்தார்.

2015-இல் அந்தப் பெட்டியை அப்படியே பெயர்த்து கெர்ன் கவுன்டி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏழ்மையின் சின்னமாக அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஜன்னல் வெட்டி, பக்கத்தில் அறைகள் சேர்த்து, கைத்தொழில் தெரிந்த ஒருவர் நிதானமாகக் கட்டிய வீடு அது. பனிக்கட்டி வைத்துப் பழம் ஏற்றிப் போவதற்கான பெட்டி என்பதால் சுவர் தடிமன் வேறு; இந்த ஊர் வெயிலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அங்கே நின்றபோதுதான் அவருடைய பாட்டுகள் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தன. கூலிக்காரர்களின் கூடார முகாமில் அம்மா பட்ட கஷ்டத்தைச் சொல்லும் அவருடைய பாட்டு ஒன்று 1969-இல் வந்தது. ஆனால் அவர் வளர்ந்தது இந்த வீட்டில். கூடார முகாம் மற்றவர்களின் கதை. 1968-இல் வந்த 'மாமா ட்ரைட்' (அம்மா முயன்று பார்த்தாள்) பாட்டில் இருபத்தோரு வயதில் ஆயுள் தண்டனை. நிஜத்தில் இருபத்தொன்று ஆனது சிறையில்தான், ஆனால் இருந்தது மூன்று வருஷத்துக்குள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஊரார் கதையைத் தன் கதையாக மாற்றிப் பாடுவது எங்கும் பாட்டுக்காரர்களின் உரிமை.

சிறைக்கு எப்படிப் போனார் என்பது சோகமும் சிரிப்பும் கலந்த கதை. ஒன்பது வயதில் அப்பா இறந்தார். அப்புறம் பையன் அடங்கவில்லை. சரக்கு ரயிலில் தொற்றி ஃப்ரெஸ்னோ வரை போய்ப் பிடிபட்டது, சிறுவர் சீர்திருத்தப் பள்ளி, அங்கிருந்து தப்பி ஓட்டம். 1957-இல் குடிபோதையில் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஓர் உணவகத்தின் பின்கதவை உடைக்கப் போனார். கடை மூடிவிட்டது என்று நினைப்பு. உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! அதன் முடிவு சான் குவென்டின் சிறை. அங்கே ஒரு புத்தாண்டு நாளில் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் வந்து பாடியதைக் கைதிகளோடு உட்கார்ந்து கேட்டார்.

1960-இல் வெளியே வந்து, அண்ணனிடம் மின்கம்பி வேலைக்குப் பள்ளம் தோண்டினார். இரவில் மதுக்கடைகளில் பாட்டு. எண்ணெய் வயல் ஆட்கள் ஆடுகிற இடத்தில் நாஷ்விலின் வயலின் கூட்டம் எடுபடாது. சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும். அதனால்தான் இந்த ஊர்ப் பாணியில் ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிதார் அப்படிக் கீச்சென்று முன்னால் நிற்கிறது. இங்கே பாடிய பக் ஓவன்ஸ் அதைப் பெரிதாக்கினார். ஹேகார்டின் மனைவியும் பாடகியுமான பானி, முன்பு பக் ஓவன்ஸின் மனைவி. சின்ன ஊர், சரி. ஹேகார்டுக்கு வரி உதிக்கும்போதெல்லாம் எழுதி வைத்ததும் இந்த பானிதான்.

1965-இல் கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த அவருடைய பாட்டுகள் மொத்தம் 38. அதில் முதலாவது, தப்பியோடும் ஒருவனைப் பற்றியது. எழுதியது லிஸ் ஆண்டர்சனும் அவர் கணவரும். பாடப்போகிறவர் முன்னாள் கைதி என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்று ஹேகார்ட் மறைத்து வைத்திருந்தார். அதைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெளியே சொல்ல வைத்தவர் அதே ஜானி கேஷ். அதனால் ஒன்றும் போகவில்லை. 1972-இல் கலிஃபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரீகன் முழு மன்னிப்பும் கொடுத்தார். 2016-இல், சரியாகப் பிறந்த நாளன்றே, 79 வயதில் இறந்தார்.

அருங்காட்சியகத்திலிருந்து பனோரமா டிரைவ் மேட்டுக்குப் போனோம். கீழே கெர்ன் ஆறு, அதற்கப்பால் 1899-இல் கண்டுபிடித்த எண்ணெய் வயல், கண்ணுக்கெட்டிய தூரம் தலையாட்டும் பம்புகள். நிழல் என்று பேருக்கும் இல்லை. சீக்கிரம் காருக்குள் ஏறிவிட்டோம்.

தெற்கே போகும் வழியெல்லாம் சண்டை. வியட்நாம் போர்க்காலத்தில் ஹிப்பிகளைக் கிண்டலடித்து வந்த ஹேகார்டின் 'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி' (மஸ்கோகி ஊர் ஓக்கி) பாட்டு வெறும் கேலி என்பது நண்பரின் கட்சி. பேருந்தில் விளையாட்டாக ஆரம்பித்ததுதான், ஆனால் 'ஓக்கி' என்று திட்டு வாங்கியவர்கள் அதே பெயரைத் தலை நிமிர்ந்து பாடியதில் கேலி எங்கே இருக்கிறது என்பது என் கட்சி. டெஹோன் கணவாய் ஏறும் வரைக்கும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.